கையால் மடக்கும் கூரைக்கு மோட்டார்: பழைய காரில் பவர் டாப் பொருத்தும் முறை

பழைய காரின் துணிக்கூரையைத் தினமும் கையால் மடக்குபவர்களுக்கு அதன் குணம் தெரியும். பாதி தூரம் பஞ்சு போல வரும். அப்புறம் ஓரிடத்தில் முரண்டு பிடிக்கும். லேசாகத் தூக்கி ஒரு தள்ளு தள்ளினால் இறங்கிவிடும். அந்தத் தள்ளு எங்கே, எவ்வளவு என்பது கைக்குப் பழகிப்போயிருக்கும். மோட்டாருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முரண்டு பிடிக்கும் இடத்திலும் முழு பலத்தோடு தள்ளும். கூரை நகரவில்லையென்றால், துணியைத் தாங்கும் மடிப்புச் சட்டமான பிரேமில் எது மெலிந்ததோ அதை வளைத்துவிடும். அதனால் இந்த வேலையில் பாதியை மோட்டார் வாங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

கூரையைத் தானாக இயக்குவது புதிய யோசனை இல்லை. 1939ஆம் ஆண்டு பிளிமத் கார்களிலேயே வெற்றிட உருளைகளால் ஏறி இறங்கும் துணிக்கூரை வந்துவிட்டது. பிறகு ஹைட்ராலிக் முறை, அதாவது ஆயில் அழுத்தத்தால் இயங்கும் முறை, அந்த இடத்தைப் பிடித்தது. ஒரு சின்ன மின்மோட்டார், அதோடு ஒட்டிய பம்பு, ஆயில் தொட்டி, காரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர், இடையில் ஹோஸ்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த ஹைட்ராலிக் முறையைப் பற்றியது.

எந்தக் காரில் செய்யலாம்?

மூன்று நிலைகள் உண்டு. முதலாவது, உங்கள் காரில் கைக்கூரை இருக்கிறது, அதே மாடலில் தொழிற்சாலையே பவர் டாப்பையும் கூடுதல் வசதியாகக் கொடுத்திருக்கிறது. 1965 ஃபோர்டு மஸ்டாங் இதற்கு நல்ல உதாரணம். இதுதான் சுலபமான வழி. சிலிண்டர் எங்கே உட்கார வேண்டும் என்ற கணக்கை யாரோ ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். பல கார்களில் பாடியில் துளைகூட இருக்கும். ஆனால் கைக்கூரை பிரேமும் பவர் பிரேமும் எல்லா மாடலிலும் ஒன்றல்ல. கைக்கூரையில் பாரத்தைத் தாங்க ஸ்பிரிங் இருக்கும், பவர் கூரையில் அது இருக்காது அல்லது வேறு அளவில் இருக்கும். சிலிண்டர் ராடு, அதாவது சிலிண்டரிலிருந்து நீண்டு சுருங்கும் தண்டு, மாட்டும் காதும் பவர் பிரேமில் மட்டும் இருக்கலாம். உங்கள் மாடலின் பாகப் புத்தகத்தில் இரண்டு பிரேம்களின் எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

இரண்டாவது, கைக்கூரை மட்டுமே வந்த மாடல். அளந்து, கணக்குப் போட்டு, பிராக்கெட் செய்ய வேண்டும். பொறுமை இருந்தால் முடியும்.

மூன்றாவது, இரும்புக் கூரையுள்ள காரை அறுத்துத் துணிக்கூரை வைப்பது. புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். இரும்புக் கூரை வெறும் மூடி அல்ல, காரின் முதுகெலும்பில் ஒரு பகுதி. அதை எடுத்துவிட்டால் அடித்தளத்துக்கும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டங்களுக்கும் கூடுதல் பலம் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் ஜாக் போட்டுத் தூக்கும்போதே கதவு திறக்காது.

முதலில் பிரேமைத் தயார் செய்யுங்கள்

முன்கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும் கொக்கிகளைக் கழற்றி, கூரையைக் கையால் மெதுவாக இறக்கி ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மூட்டிலும் உள்ள புஷ், அதாவது துளைக்குள் இருக்கும் வளையம், தேய்ந்திருக்கிறதா, ரிவெட் ஆடுகிறதா, இணைப்புப் பட்டை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த புஷ்ஷை மாற்றுங்கள். மூட்டுகளில் பழைய கிரீஸ் பசையாக இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, லேசான ஆயில் ஒரு சொட்டு விடுங்கள். அதிகம் விட்டால் துணியில் கறை இறங்கும்.

அடுத்து, பெட்டியின் எடை பார்க்கும் கைத்தராசு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையின் முன்குறுக்குச் சட்டத்தின் நடுவில் அதை மாட்டி, கூரையை மெதுவாக இழுத்தபடி முள் காட்டும் எடையை ஐந்தாறு நிலைகளில் எழுதிக்கொள்ளுங்கள். எடை சீராகக் கூடிக் குறைந்தால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் திடீரென்று துள்ளினால் அங்கே ஏதோ உரசுகிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பிரேம் நேராக ஏறி இறங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கூரையைப் பாதியில் நிறுத்தி, அதன் முன்மூலையிலிருந்து கண்ணாடித் தூணின் மேல்முனை வரை இடப்பக்கமும் வலப்பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிரேம் முறுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அளவுகளை எழுதி வைத்துக்கொண்டால், பின்னால் மோட்டார் ஓடும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

துணியையும் கவனியுங்கள். பழைய துணி சுருங்கியிருந்தால் கொக்கி மாட்டவே இழுக்க வேண்டியிருக்கும். அந்த இழுப்பை மோட்டார் செய்யாது. முன்சட்டம் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே கூரை நின்றுவிடும். பிளாஸ்டிக் பின்ஜன்னல் உள்ள கூரைகளில் பலவற்றில், இறக்குவதற்கு முன் அந்த ஜன்னலின் ஜிப்பைத் திறந்தாக வேண்டும். மோட்டார் வைத்த பிறகும் இந்த விதி மாறாது.

தேவையான சாமான்கள்

மோட்டாரும் பம்பும் தொட்டியும் சேர்ந்த ஒரே யூனிட் ஒன்று. இரட்டைச் செயல் சிலிண்டர் இரண்டு; அதாவது தள்ளவும் இழுக்கவும் செய்பவை. ஹோஸ்கள், பம்பில் இரண்டே வாய் இருந்தால் இரண்டு டி இணைப்புகளும் வேண்டும். 12 வோல்ட், ஐந்து கால் ரிலே இரண்டு; ரிலே என்பது சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை மாற்றிவிடும் சுவிட்ச். மோட்டாரின் மின்னோட்டத்துக்கு ஏற்ற சர்க்யூட் பிரேக்கர் ஒன்று, பெரும்பாலும் 40 ஆம்பியர். விட்டால் நடுவுக்குத் திரும்பிவிடும் மூன்று நிலை சுவிட்ச் ஒன்று. அழுத்தினால் அப்படியே நின்றுவிடும் சாதாரண சுவிட்சை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. 6 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒயர், சுவிட்சுக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, 8.8 தர முத்திரையுள்ள 8 மில்லிமீட்டர் போல்ட்கள், பூட்டு நட்டுகள், பம்புக்கு ரப்பர் தாங்கிகள். ஆயில் ஒரு லிட்டர் போதும். உண்மையில் உள்ளே போவது அதில் பாதிகூட இருக்காது.

ஹைட்ராலிக்குப் பதிலாக மின்சார ஆக்சுவேட்டர், அதாவது உள்ளேயே மோட்டாரும் திருகுக் கம்பியும் உள்ள உருளை, வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். ஆயில் ஒழுகாது, ஹோஸ் வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் இரண்டு ஆக்சுவேட்டர்களும் தனித்தனி மோட்டாரால் ஓடுபவை. பாரம் கொஞ்சம் மாறினாலும் ஒன்று முந்தும், மற்றது பிந்தும், பிரேம் முறுக்கிக்கொள்ளும். இரண்டையும் ஒரே வேகத்தில் வைக்கும் உணரியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இல்லாமல் அதை வாங்காதீர்கள். மின்சாரம் போய்விட்டால் பெரும்பாலான ஆக்சுவேட்டர்களைக் கையால் நகர்த்தவும் முடியாது. ஹைட்ராலிக்கில் ஒரே பம்பு இரண்டு சிலிண்டருக்கும் ஒரே அழுத்தத்தைக் கொடுக்கிறது. லேசான பக்கம் முந்தப் பார்த்தாலும் முன்குறுக்குச் சட்டம் அதைப் பிடித்து நிறுத்திவிடும். துணிக்கூரைக்கு அந்த விட்டுக்கொடுக்கும் குணம்தான் தேவை.

சிலிண்டர் அளவு: டேப்பும் கொஞ்சம் கணக்கும்

தொழிற்சாலை சிலிண்டர் கிடைக்கும் கார் என்றால் இந்தப் பகுதியை வேகமாகப் படித்துவிட்டுப் போகலாம். மற்றவர்கள் இங்கே நிதானமாக இருங்கள்.

சிலிண்டரின் கீழ்முனை பாடியில் உட்காரும் இடத்தையும், ராடின் முனை பிரேமில் மாட்டும் இடத்தையும் முதலில் பென்சிலால் குறியுங்கள். கூரை முழுக்க ஏறிய நிலை, முழுக்க இறங்கிய நிலை, இடையில் மூன்று நிலைகள் என ஐந்து இடங்களில் இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். ஐந்து எண்களும் ஒரே திசையில் போக வேண்டும்: கூடினால் கூடிக்கொண்டே, குறைந்தால் குறைந்துகொண்டே. உதாரணமாக 430, 490, 550, 610, 660 மில்லிமீட்டர் என்று வந்தால் சரி. 430, 500, 540, 545, 530 என்று வந்தால் கடைசிக்கு முன்னால் சிலிண்டர் எதிர்த்திசைக்குப் போகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் எவ்வளவு பெரிய பம்பு வைத்தாலும் கூரை நகராது. புள்ளியை மாற்றுங்கள்.

முதல் உதாரணத்தில் தூர வித்தியாசம் 230 மில்லிமீட்டர். 240 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அதாவது ராடு ஓடும் தூரம், உள்ள சிலிண்டரை எடுத்து, இரண்டு முனையிலும் 5 மில்லிமீட்டர் மிச்சம் விடுங்கள். கூரை தன் தடுப்பில் நிற்க வேண்டும், சிலிண்டர் தன் அடியில் முட்டி நிற்கக் கூடாது. ஆக்சுவேட்டரில் இது தலைகீழ்: அதன் உள்ளே இருக்கும் எல்லைச் சுவிட்ச் வேலை செய்ய வேண்டுமென்றால், ஆக்சுவேட்டரின் கடைசிப் புள்ளியும் கூரையின் கடைசிப் புள்ளியும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்.

இனி பலம். பிரேமும் துணியும் சேர்ந்து 25 கிலோ, அதன் எடை மையம் சுழலும் மூட்டிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டர் தள்ளும் கோட்டுக்கும் மூட்டுக்கும் செங்குத்தாக உள்ள தூரம் 6 சென்டிமீட்டர்தான் என்றால், 25ஐ 70ஆல் பெருக்கி 6ஆல் வகுங்கள்: ஏறக்குறைய 292 கிலோ. சிலிண்டருக்கு 146 கிலோ. உரசலுக்காகப் பாதியைக் கூட்டினால் 219. சிலிண்டரின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர் என்றால் பிஸ்டன் பரப்பு 4.9 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 45 கிலோ அளவுக்குப் போகிறது. அதே தூரத்தை 6லிருந்து 9 சென்டிமீட்டராக மாற்றினால் அழுத்தம் 30க்கு இறங்கிவிடும். மூன்று சென்டிமீட்டர் பிராக்கெட்டை நகர்த்தியதில் பம்பின் வேலை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஸ்ட்ரோக் அதற்கேற்பக் கூடும் என்பதை மறக்க வேண்டாம். பெரிய பம்பைத் தேடி ஓடுவதைவிட பிராக்கெட் இடத்தைத் தேடுவதில் நேரம் செலவிடுவது நல்லது.

இந்தக் கணக்கை எல்லா நிலையிலும் போட வேண்டியதில்லை. எடை மையம் மூட்டிலிருந்து பக்கவாட்டில் அதிகம் தள்ளி நிற்கும் நிலை எதுவோ அங்கே ஒரு முறை போட்டால் போதும். கூரை கிடைமட்டமாக நிற்கும் இடம் பெரும்பாலும் அதுவாக இருக்கும்.

பொருத்துவது

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பின் சீட்டையும் பக்கத்து உள்பலகைகளையும் எடுத்துவிடுங்கள். கூரையைப் பாதியில் நிறுத்தி வேலை செய்யும்போது மரக்கட்டையால் முட்டுக்கொடுங்கள். மடிப்புப் பட்டைகள் கத்தரிக்கோல் போல மூடுபவை; விரல் நடுவில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பாடித் தகடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் நேராக போல்ட் போட்டால், சிலிண்டர் தள்ளும்போது தகடு டப்பா மூடி போல உள்ளே போய் வெளியே வரும். கொஞ்ச நாளில் துளையைச் சுற்றி விரிசல் விடும். கீழ் பிராக்கெட்டுக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் தகட்டை, பிராக்கெட்டைப் போல் இரு மடங்கு அகலத்துக்கு வைத்து, முடிந்தவரை சக்கர வளைவின் மடிப்பு அல்லது பெட்டிச் சட்டத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். வெல்டிங் செய்வதானால் துணியையும் பின்ஜன்னலையும் ஈரமான கனத்த போர்வையால் மூடுங்கள்; ஒரு பொறி போதும், கூரையில் ஓட்டை விழ.

சிலிண்டரின் இரண்டு முனையும் தாராளமாக ஆட வேண்டும். போல்டை இறுக்கினால் பிராக்கெட்டோடு புஷ்ஷும் இறுகி நின்றுவிடக் கூடாது. அதற்குத் தோள் வைத்த போல்ட், அதாவது தலைக்குக் கீழே மரையில்லாத தடித்த பகுதி உள்ள போல்ட், போடுங்கள். சிலிண்டர் முழு ஓட்டத்திலும் ராடு பக்கவாட்டில் வளையாமல் நேராகப் போக வேண்டும். பக்கவாட்டு அழுத்தம் இருந்தால் ராடு சீல் ஒரு பக்கமாகத் தேய்ந்து, சில மாதங்களில் ஒழுக ஆரம்பிக்கும். பெயின்ட் அடிக்கும்போது பளபளப்பான ராடை டேப்பால் சுற்றி மூடுங்கள். அதில் விழும் ஒரு சிறு கீறல், ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலை அரம் போல அறுக்கும்.

இப்போதைக்குச் சிலிண்டரின் கீழ்முனையை மட்டும் மாட்டுங்கள். ராடைப் பிரேமோடு இணைக்க வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

பம்பு யூனிட்டைப் பின்சீட்டின் பின்னால், ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார வையுங்கள். ரப்பர் இல்லாமல் வைத்தால் பின்னால் கிரைண்டர் ஓடுவது போலச் சத்தம் வரும். ஹோஸ்களைக் கூரை மடியும் இடத்தைத் தொடாமல் கொண்டுபோங்கள். பிரேமைக் கையால் ஒரு முறை முழுக்க இறக்கி, எந்த ஹோஸும் பட்டைகளுக்கிடையே வரவில்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸில் இறுக்கமான வளைவு வேண்டாம். உள்ளங்கை அளவு வளைவு இருந்தால் போதும்.

பம்பின் ஒரு வாயிலிருந்து வரும் ஹோஸ் இரண்டு சிலிண்டரின் கீழ் வாய்க்கும் போக வேண்டும். மற்ற வாயிலிருந்து வருவது இரண்டின் மேல் வாய்க்கும். ஹோஸ்களில் இரு நிறங்களில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் ஒரு சிலிண்டர் ஏற்றும், மற்றது இறக்கும். பிரேம் நடுவில் துணி பிழிவது போல முறுக்கிக்கொள்ளும். இரண்டே நொடியில் நடந்துவிடும் சேதம் அது. ராடுகளை இணைக்காமல் விடச் சொன்னது அதற்காகத்தான்.

மின்சாரம்

முதலில் கையில் இருக்கும் மோட்டார் எந்த வகை என்று பாருங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து மோட்டாரின் இரண்டு ஒயரையும் தனித்தனியாக மோட்டார் உடலோடு தொட்டுப் பாருங்கள். இரண்டுமே உடலோடு தொடர்பு காட்டினால் அது பழைய சீரிஸ் மோட்டார்: ஒரு ஒயருக்கு பிளஸ் கொடுத்தால் ஒரு திசை, மற்றதற்குக் கொடுத்தால் மறு திசை, எர்த் உடல் வழியே. ஒயர்கள் ஒன்றோடொன்று மட்டும் தொடர்பு காட்டி உடலோடு காட்டவில்லையென்றால் காந்த மோட்டார். பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால்தான் திசை மாறும்.

காந்த மோட்டாருக்கு ஒயரிங் இப்படி. கால்களின் எண்கள் ரிலேயிலேயே அச்சிட்டிருக்கும். இரண்டு ரிலேக்களின் 87ஆம் கால்களையும் பிரேக்கர் வழியாக வரும் பிளஸ்ஸோடு இணையுங்கள். இரண்டின் 87ஏ கால்களையும் எர்த்தோடு இணையுங்கள். முதல் ரிலேயின் 30ஆம் கால் மோட்டாரின் ஒரு ஒயருக்கு, இரண்டாம் ரிலேயின் 30ஆம் கால் மற்ற ஒயருக்கு. இரண்டின் 85உம் எர்த். முதல் ரிலேயின் 86 சுவிட்சின் 'மேலே' முனைக்கு, இரண்டாவதின் 86 'கீழே' முனைக்கு. சுவிட்சைத் தொடாதபோது மோட்டாரின் இரண்டு ஒயரும் எர்த்தில் இருக்கும். கையை எடுத்ததும் மோட்டார் சறுக்காமல் பிரேக் போட்டது போல நிற்கும். ஒரு எச்சரிக்கை: திரும்பி வரும் மின்னோட்டம் 87ஏ கால் வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. '40/30 ஆம்பியர்' என்று எழுதிய ரிலேயில் அந்தக் காலின் தாங்கும் அளவு 30தான். மோட்டார் அதைவிட அதிகம் இழுத்தால் பெரிய ரிலே வேண்டும்.

சீரிஸ் மோட்டாருக்கும் இதே இரண்டு ரிலே போதும், ஆனால் 87ஏ கால்களைச் சும்மா விட்டுவிடுங்கள். பம்பை ரப்பரில் உட்கார வைத்திருப்பதால் மோட்டார் உடலுக்கு எர்த் கிடைக்காது; பெயின்ட் சுரண்டிய இடத்திலிருந்து தனி எர்த் ஒயர் கொடுங்கள். புதிதாகப் பொருத்திய மோட்டார் அசையவே இல்லையென்றால் முதலில் இந்த ஒயரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒயர் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரி முன்னால், மோட்டார் 4 மீட்டர் பின்னால், போய்த் திரும்பும் ஒயர் 8 மீட்டர், மின்னோட்டம் 40 ஆம்பியர் என்றால், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 2.2 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டரில் 0.9 வோல்ட்தான். பிரேக்கரை பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். பிரேக்கருக்கு முன்னால் ஒயர் உரசி எர்த் ஆனால் அதைக் காப்பாற்ற யாரும் இல்லை. கூரை தடுப்பில் முட்டும் ஒவ்வொரு முறையும் மின்னோட்டம் எகிறும் என்பதால், பியூஸைவிட தானாக மீளும் பிரேக்கர் இங்கே பொருத்தம்.

1950களின் நடுப்பகுதி வரை வந்த பல கார்கள் 6 வோல்ட். அதே வேலைக்கு இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும். ஒயரும் ரிலேயும் அதற்கேற்ப. சில பழைய கார்களில் பேட்டரியின் பிளஸ் எர்த்தாக இருக்கும். சீரிஸ் மோட்டாருக்கு அது பொருட்டல்ல, காந்த மோட்டார் திசை மாறி ஓடும்.

சுவிட்சுக்கு வரும் பிளஸ்ஸை ஹேண்ட்பிரேக் போட்டால் மட்டும் மூடும் ஒரு மைக்ரோ சுவிட்ச் வழியாகக் கொண்டுவாருங்கள். ஓடும் காரில் கூரையைத் தூக்கினால் காற்று அதைப் பாய்மரமாக்கிவிடும். முன்கொக்கி இரண்டிலும் ஒவ்வொரு மைக்ரோ சுவிட்ச் வைத்து, கொக்கி மாட்டியிருந்தால் கீழே இறக்கும் ரிலே வேலை செய்யாதபடி செய்வது இன்னும் நல்லது. கொக்கியைக் கழற்ற மறந்து சுவிட்சை அழுத்துவது பவர் டாப் உள்ளவர்கள் செய்யும் பழைய தவறு. வளைவது முதல் குறுக்குச் சட்டம்.

ஆயில்

ஒரே விதி: சீல் எந்த ரப்பரோ அதற்கேற்ற ஆயில். பழைய அமைப்புகள் சிலவற்றில் பிரேக் ஆயில் ஓடியது, பின்னால் வந்தவற்றில் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயில். பிரேக் ஆயிலுக்கான ரப்பர் கியர்பாக்ஸ் ஆயில் போன்ற கனிம எண்ணெயில் ஊதிவிடும், கனிம எண்ணெய்க்கான ரப்பர் பிரேக் ஆயிலிலும் அப்படியே. பழைய சிலிண்டரும் புதிய பம்பும் கலந்து வாங்கினால் இந்தச் சிக்கலில் மாட்டுவீர்கள். தேர்வு இருந்தால் கியர்பாக்ஸ் ஆயில் அமைப்பையே எடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரிக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். கியர்பாக்ஸ் ஆயில் பெரும்பாலும் சிவப்பு நிறம் என்பதால் ஒழுகினால் பளிச்சென்று தெரியும்.

ராடு வெளியே போனதும் தொட்டியில் ஆயில் மட்டம் இறங்கும், உள்ளே வந்ததும் ஏறும். 25 மில்லிமீட்டர் சிலிண்டர், 10 மில்லிமீட்டர் ராடு, 240 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்றால் இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து வித்தியாசம் 38 மில்லிலிட்டர் வரும். ராடுகள் வெளியே இருக்கும்போது தொட்டியை வாய்வரை நிரப்பினால், இறக்கும்போது அந்த 38 மில்லிலிட்டர் மூடி வழியே பின்சீட்டு மெத்தைக்குப் போகும். எந்த நிலையில் மட்டம் பார்க்க வேண்டும் என்று உங்கள் பம்பின் கையேட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள்.

முதல் ஓட்டம்

ராடுகள் இன்னும் பிரேமோடு சேரவில்லை. ஒவ்வொரு ஹோஸ் மூட்டிலும் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிக் கட்டுங்கள். ஆயில் ஊற்றி, பேட்டரியை இணைத்து, சுவிட்சை அரை நொடி தட்டுங்கள். இரண்டு ராடும் ஒரே திசையில் போகின்றனவா? ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் வந்தால் பரவாயில்லை, இன்னும் பாரம் இல்லை. எதிரெதிர்த் திசையில் போனால் ஒரு பக்க ஹோஸ்கள் மாறியிருக்கின்றன. இரண்டும் சரியாக, ஆனால் 'மேலே' அழுத்தினால் உள்ளே போகின்றன என்றால் ஹோஸைத் தொடாதீர்கள். சுவிட்சில் இரண்டு ஒயர்களை மாற்றினால் போதும்.

ஐந்தாறு முறை முழு ஓட்டம் விடுங்கள். முதலில் பம்பு கரகரவென்று சத்தமிடும், அது காற்று. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மட்டம் பார்த்து ஊற்றுங்கள். சத்தம் சீரானதும் காற்று போய்விட்டது என்று பொருள். இந்த மோட்டார்கள் தொடர்ந்து ஓடச் செய்தவை அல்ல. ஒரு நிமிடம் ஓடினால் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள், கைவைத்துச் சூடு பாருங்கள். பிறகு காகிதங்களைப் பாருங்கள். சிவப்புப் பொட்டு எந்த மூட்டில் விழுந்திருக்கிறதோ அதை இறுக்குங்கள்.

இப்போது ராடுகளை இணைக்கலாம். கைக்கூரையின் தாங்கு ஸ்பிரிங்குகளை எடுப்பதா வைப்பதா என்பது உங்கள் மாடலைப் பொறுத்தது. எடுப்பதானால், இழுவிசையோடு இருக்கும் ஸ்பிரிங்கைக் கம்பிக் கொக்கியால் பிடித்துக் கழற்றுங்கள், முகத்தை அதன் நேர்கோட்டில் வைக்காதீர்கள். துணைக்கு ஒருவரை மறுபக்கம் நிறுத்துங்கள். எஞ்சினை ஓட விடுங்கள். பேட்டரி மட்டும் என்றால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் மந்தமாகும். கொக்கி கழற்றியிருக்கிறது, கண்ணாடிகள் இறங்கியிருக்கின்றன, மடிப்புக் குழியில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஒரு கை அளவு நகர்த்தி நிறுத்துங்கள், பாருங்கள், மறுபடி நகர்த்துங்கள். பத்துப் பதினைந்து தட்டலில் முழு ஓட்டம் முடியட்டும். முன்பு எழுதிய டேப் அளவுகளோடு ஒப்பிடுங்கள். மடியும் துணி பட்டைகளுக்கிடையே மாட்டுகிறதா என்பதை மறுபக்கம் நிற்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வழக்கமாக வரும் தொல்லைகள்

இறங்குகிறது, ஏற மறுக்கிறது என்றால் முதலில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். ராடு வெளியே போக, உள்ளே வருவதைவிட அதிக ஆயில் வேண்டும் என்பதால் பற்றாக்குறை முதலில் ஏறும்போதுதான் தெரியும்.

ரிலே டிக் என்கிறது, மோட்டார் சும்மா இருக்கிறது என்றால் சுவிட்சை அழுத்தியபடி மோட்டார் முனையில் வோல்டேஜ் பாருங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் ஒயர், எர்த், பிரேக்கர் முனை என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பன்னிரண்டு இருந்தும் ஓடவில்லையென்றால் கோளாறு மோட்டாரில்.

மோட்டார் உற்சாகமாக ஓடுகிறது, கூரை அசையவில்லை: ஆயில் இல்லை, காற்று நிறைந்திருக்கிறது, அல்லது பம்பு தேய்ந்துவிட்டது. ஆயில் பால்போல நுரைத்திருந்தால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. ஒரு இரவு விட்டுவிட்டு நுரை அடங்கியபின் மூட்டுகளை இறுக்கி மறுபடி காற்றை வெளியேற்றுங்கள்.

பாதியில் நின்று சில நொடி கழித்து மறுபடி நகர்ந்தால் பிரேக்கர் சூடாகி அறுந்து மீள்கிறது. பெரிய பிரேக்கர் போடும் ஆசை வரும்; வேண்டாம். ராடுகளைக் கழற்றி, கைத்தராசை மறுபடி எடுத்து, முதலில் எழுதிய எண்களோடு ஒப்பிடுங்கள். எண் கூடியிருந்தால் பிரேமில் எங்கோ இறுகுகிறது. அப்படியே இருந்தால் பிராக்கெட் மூட்டுக்கு மிக அருகில் இருக்கிறது.

ஒரு பக்கம் எப்போதும் பிந்தினால் அந்தப் பக்கத்து ஹோஸ் நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு புஷ்களை. சிலிண்டரைச் சந்தேகிப்பது அதற்கப்புறம். இரண்டு பக்கச் சிலிண்டரையும் மாற்றி மாட்டிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்: தொல்லையும் பக்கம் மாறினால் சிலிண்டர், மாறாவிட்டால் பிரேம்.

ஈரத்துணியை மடக்கி வைக்காதீர்கள். ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும். குளிர் நாளில் பிளாஸ்டிக் பின்ஜன்னல் மரத்துப்போயிருக்கும்போது இறக்கினால் மடிப்பில் கீற்று விழும். புதிய துணி போட்டிருந்தால், கொக்கி மாட்டிய நிலையிலேயே சில நாள் வெயிலில் நிறுத்தி வையுங்கள். துணி தளர்ந்து கொடுத்த பிறகு மோட்டாரைப் பழக்கலாம்.